ஷாஃப்டில் ஒட்டிப்போன பேரிங்கைக் கழற்றுவது எப்படி?

தண்ணீர் மோட்டார் ஓடும்போது அரிசி வறுப்பதுபோல ஒரு கரகரப்பு கேட்டால், பேரிங் தேய்ந்துவிட்டது. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இன்னும் இரண்டு மாதம் ஓட்டினால், துரு ஏறி ஷாஃப்டோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டில் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் 1 எச்.பி. மோனோபிளாக்கை வைத்துச் சொல்கிறேன். மற்ற சின்ன மோட்டார்களுக்கும் வழி ஏறக்குறைய இதுதான்.

பேரிங் எப்படியும் காயலான் கடைக்குத்தான் போகப்போகிறது. காப்பாற்ற வேண்டியது ஷாஃப்டை. இது எனக்குப் புரிய ஒரு ஷாஃப்ட் செலவானது. முதல் தடவை ரோட்டரைத் தரையில் நிறுத்தி, ஷாஃப்ட் முனையில் சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்தேன். பேரிங் அசையவில்லை. "என்ன சார், தலையைப் பூக்க வெச்சுக் கொண்டுவந்திருக்கீங்க?" என்று லேத் பட்டறைக்காரர் கேட்டபோதுதான் முனை விரிந்துபோனதைக் கவனித்தேன்.

மின் இணைப்பைத் துண்டியுங்கள். கெபாசிட்டர் முனைகளில் ஒரு குண்டு பல்பின் ஒயர்களைத் தொட்டுச் சார்ஜை இறக்கிவிடுங்கள். மூடிகள் பொருந்தும் இடத்தில் உளியால் ஒரு புள்ளி குத்தி வைத்தால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது. இம்பெல்லர், சீல், பின்பக்க விசிறி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி ரோட்டரை வெளியே எடுங்கள். பேரிங்கின் வெளி வளையம் மூடியை விடாமல் பிடித்திருந்தால், மூடி அலுமினியமாக இருக்கும்பட்சத்தில் கொதிக்கிற தண்ணீரை அதன்மேல் ஊற்றுங்கள். அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், தானாக விட்டுவிடும்.

ஒட்டிய பேரிங்குக்கு முதல் மருந்து பொறுமை. ஷாஃப்டில் வெளியே தெரியும் துருவை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். பேரிங் வெளியே வரும் பாதை அதுதான். உள் வளையமும் ஷாஃப்டும் சேரும் கோட்டில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். ரோட்டரை நிமிர்த்தி வைத்தால்தான் எண்ணெய் உள்ளே இறங்கும்.

காலையில், பேரிங்கைப் பிடித்து இழுக்கும் கருவியான புல்லர். கொக்கிகள் உள் வளையத்தைப் பிடிக்க வேண்டும். பல மோட்டார்களில் பேரிங் ஷாஃப்டின் படியோடு ஒட்டி உட்கார்ந்திருப்பதால் அதற்கு இடம் இருக்காது. எறிகிற பேரிங்தானே, வெளி வளையத்தைப் பிடித்தும் இழுக்கலாம். நடுத் திருகுக்குக் கிரீஸ் தடவி, ஷாஃப்ட் முனையின் மையக் குழியில் சரியாக நிறுத்துங்கள். முனையில் மரை இருந்தால் பழைய நட் ஒன்றை முனைமட்டத்துக்கு ஏற்றி வையுங்கள், மரை நசுங்காது. ஸ்பேனரால் இறுக்கி, இனி நகராது என்ற இடத்தில் நிறுத்தி, திருகின் தலையில் சுத்தியலால் ஒரு தட்டு. இறுக்குவதும் தட்டுவதும் மாறி மாறி நடக்கட்டும். 'டக்' என்ற சத்தத்தோடு முதல் அரை மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதெல்லாம் நடக்கும்போது கண்ணாடி போட்டிருக்க வேண்டும். பேரிங் இரும்பு மிகக் கடினமானது, வளையாது, தெறிக்கும்.

அசையவே இல்லையென்றால் சூடு. அதற்குமுன் ஊறிய எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள், தீப்பிடிக்கும். ஷாஃப்டில் ஈரத் துணி சுற்றி, டார்ச் தீயை உள் வளையத்தில் மட்டும் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். 6203 என்ற எண் பொறித்த பேரிங்கின் துளை 17 மில்லிமீட்டர். ஷாஃப்டைவிட 80 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அந்தத் துளை சுமார் 16 மைக்ரான் விரியும். இந்தப் பொருத்தத்தின் இறுக்கமே சில மைக்ரான்தான். அதனால் வேகம் முக்கியம். மெதுவாகக் காட்டினால் ஷாஃப்டும் சேர்ந்து விரிந்து காரியம் கெடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று பொரிய வேண்டும், அந்தச் சூடு போதும். உள்ளே இருக்கும் கிரீஸ் புகையும், ஆகவே திறந்தவெளியில் செய்யுங்கள்.

சில சமயம் வெளி வளையமும் குண்டுகளும் கழன்று கையோடு வந்துவிடும். உள் வளையம் மட்டும் மோதிரம்போல ஷாஃப்டில் நிற்கும். பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். எனக்கென்னவோ இதுதான் சுலபமான கட்டம். ஆங்கிள் கிரைண்டரில் தேய்க்கும் வீலை மாட்டி, வளையத்தின் ஒரே இடத்தில் பட்டையாகத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். ஷாஃப்டைத் தொட அரை மில்லிமீட்டர் இருக்கும்போது நிறுத்துங்கள். அந்தப் பள்ளத்தில் உளியை வைத்து ஒரே அடி. வளையம் 'டிக்'கென்று வெடித்துப் பிடியை விடும். முழுக்க அறுத்துவிடலாம் என்ற ஆசைதான் ஆபத்து. வீல் ஷாஃப்டைக் கீறிவிட்டால் புதுப் பேரிங் அங்கே ஒழுங்காக உட்காராது. தேய்க்கும்போது காயில் இருக்கும் மோட்டார் உடலைத் தூரமாக வையுங்கள். அந்த இரும்புத்தூள் காயிலுக்குள் போகக் கூடாது.

புதிது வாங்கப் பழைய பேரிங்கைக் கையில் எடுத்துப் போங்கள். வளையத்தில் பொறித்த எண்ணைப் படித்துக் காட்டினால் போதும். 6204 என்றால் கடைசி 04-ஐ ஐந்தால் பெருக்கி, துளை 20 மில்லிமீட்டர் என்று கொள்ளலாம். 02, 03 இரண்டுக்கும் இந்தக் கணக்கு வராது. 15, 17 என்று நினைவில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மாட்டும்போது உள் வளையத்தில் மட்டும் உட்காரும் ஒரு குழாய்த் துண்டை வைத்துத் தட்டுங்கள். வெளி வளையத்தில் அடித்தால் அடி முழுக்கக் குண்டுகள் வழியாகத்தான் போகும். புதுப் பேரிங் அன்றைக்கே கரகரக்கும்.

பழுதானது பம்புப் பக்கத்துப் பேரிங் என்றால், மெக்கானிக்கல் சீலையும் கையோடு மாற்றிவிடுங்கள். அந்தத் துருவுக்குத் தண்ணீர் பெரும்பாலும் அது கசிந்து வந்ததாகத்தான் இருக்கும்.