சேர்க்கை நுண்ணுயிர்கொல்லி ஊசிமருந்து

வினா: பிப்பரசிலினுடன் தசோபக்டம் சேர்க்கப்படுவது ஏன்?

விடை: பிப்பரசிலின் பெனிசிலின் வகை மருந்தாகும். இது பற்றீரியாவின் கலச்சுவர் உருவாவதைத் தடுத்து அதனை அழிக்கும். மனிதக் கலங்களுக்குக் கலச்சுவர் இல்லை. எனினும் சில பற்றீரியாக்கள் பீற்றா-லக்டமேசு எனும் நொதியத்தைச் சுரந்து இம்மருந்தைச் சிதைத்துவிடும். தசோபக்டம் இவ்வகை நொதியங்கள் பலவற்றை நிரோதிப்பதால் பிப்பரசிலின் சிதையாது தொழிற்படும்.

4.5 கிராம் குப்பியொன்றில் பிப்பரசிலின் 4 கிராமும் தசோபக்டம் 0.5 கிராமும் உள்ளன. கடும் நியூமோனியா, வயிற்றறைத் தொற்று போன்றவற்றுக்கு வைத்தியசாலையில் நாளத்தினூடாக ஏற்றப்படும்.

கவனிக்க:
1. வைரசு நோய்களுக்கு இது பயன்படாது.
2. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர் அதனை வைத்தியரிடம் முன்கூட்டியே கூற வேண்டும்.
3. இச்சேர்க்கையையும் எதிர்க்கும் பற்றீரியாக்கள் உள்ளன. ஆகவே நுண்ணுயிர்கொல்லிகளைத் தேவையின்றிப் பயன்படுத்தலாகாது.