பழைய வண்டியும் புதிய கல்வியும்

ஏட்டைப் பயின்று பெறுவது ஒருவகைக் கல்வி. கையால் தொழில் செய்து பெறுவது மற்றொரு வகைக் கல்வி. முன்னது அறிவை விளக்கும். பின்னது அவ்வறிவை உறுதிப்படுத்தும். பழுதுற்ற பொருளொன்றைத் தந்தையும் மகனும் உடனிருந்து செப்பனிடுங்கால், இவ்விரண்டின் மேலாக மூன்றாவது பேறு ஒன்றும் கிட்டுகின்றது. அஃது இன்னதென்பதை நியூசிலாந்து நாட்டினர் இருவர் வரலாற்றால் அறியலாம்.

அந்நாட்டின் ஆக்லாந்து நகரில் லெஸ் மெக்லாரன் என்பார் பெட்ரோல் நிலையமும், மோட்டார் வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையும் நடத்தி வந்தார். அவர்தம் மகன் புரூஸ், 1937ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30ஆம் நாள் பிறந்தவன். ஒன்பதாம் அகவையில் அவனைப் பெர்த்திஸ் என்னும் நோய் பற்றியது. தொடையெலும்பின் தலைப்பகுதிக்குக் குருதியோட்டம் குறைதலால், இடுப்பு மூட்டு நலிவுறும் நோய் அது. ஏறத்தாழ ஈராண்டுகள் அவன் வில்சன் இல்லம் என்னும் மருத்துவ இல்லத்தில் தங்கிக் கிடந்தான். பின்னர் எழுந்து நடந்தான். ஆயினும், அவனது இடக்கால் வலக்காலினும் குறுகியே நின்றது. ஓடியாடும் விளையாட்டுகளில் பிற சிறுவர்க்கு நிகராக நிற்றல் அவனுக்கு அரிதாயிற்று. தந்தையின் பட்டறையோ அவனை இருகை நீட்டி வரவேற்றது.

அந்நிலையில் தந்தை பழைய பந்தய வண்டியொன்றை விலைக்கு வாங்கினார். அது 1929ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஆஸ்டின் செவன் வண்டி. அல்ஸ்டர் என்னும் வகையைச் சார்ந்தது. அதன் எந்திரம் நான்கு உருளைகளும் 747 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மட்டுமே உடையது. உருவிற் சிறியதாயினும் விரைவிற் சிறந்தது எனப் பெயர் பெற்றிருந்தது. ஆனால், பட்டறைக்கு வந்தபோது அது வண்டியாக வரவில்லை. கழற்றிய உறுப்புகளின் குவியலாகவே வந்தது!

குவியலை வண்டியாக்குதல் எளிய செயலன்று. எந்திரத்தினுள் படிந்த கரியைச் சுரண்டி நீக்குதல் வேண்டும். வால்வுகள் தத்தம் இருக்கையில் இம்மியும் இடைவெளியின்றிப் பொருந்துமாறு தேய்த்தல் வேண்டும். இல்லையேல் அழுத்தம் கசிந்து ஆற்றல் வீணாகும். பிரேக்கு எனப்படும் தடைக்கருவி அவ்வண்டியில் கம்பி வடங்களால் இயங்குவது. நான்கு சக்கரங்களையும் அது ஒரே அளவிற் பற்றவேண்டும். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளருமாயின் வண்டி நெறி பிறழும். ஓர் ஆணி தளர்ந்தாலும் ஓருயிர் போகலாம் என்பதைப் பட்டறையிற் பயில்பவன் தன் விரல்களாலேயே கற்றுக் கொள்கின்றான்.

பட்டறை வேலைகளுக்கிடையே தந்தையும் மகனும் அவ்வண்டியைச் சிறிது சிறிதாக உருவாக்கினர். முடிவில் தந்தை அதில் ஏறி ஓட்டிப் பார்த்தார். அவரோ மோட்டார்ப் பந்தயங்களிற் பழகியவர். எனினும் அவ்வண்டி தந்த அச்சம் அவரையே நடுக்கிற்று. தடை சரிவரப் பற்றவில்லை; வண்டியும் நேர்நிற்கவில்லை. இதனை விற்றுவிடுவதே நன்று என அவர் கருதினார்.

மகனோ, தன் கையும் உழைத்து உருவான வண்டியை விட்டுக் கொடுக்க மனமில்லாது மன்றாடினான். அப்போது தந்தையின் உள்ளம் எவ்வாறு ஊசலாடியிருக்கும்! நோயினின்று மீண்ட ஒரு மகனை, தாமே அஞ்சிய வண்டியில் அமர்த்துவது எங்ஙனம்? மறுத்தால், அவன் மீட்டெடுத்த ஊக்கம் மீண்டும் சாயாதோ? இறுதியில் தந்தை இசைந்தார். வீட்டின் பின்புறத்தில் மரங்களினிடையே எட்டு என்னும் எண்ணின் வடிவில் தடமொன்று அமைந்தது. அதில் சுற்றிச் சுற்றி ஓட்டிப் புரூஸ் அவ்வண்டியின் இயல்பை அறிந்தான். 1952ஆம் ஆண்டில் முரிவாய் என்னுமிடத்தில் நடந்த மலைப்பாதைப் போட்டியே அவன் கலந்துகொண்ட முதற் போட்டி.

அச்சிறுவன் பின்னாளில் உலகம் அறிந்த வீரரானார். 1959ஆம் ஆண்டு அமெரிக்காவின் செப்ரிங் நகரில் நடந்த கிராண்டு பிரீ பந்தயத்தில், 22ஆம் அகவையில் வாகை சூடினார். 1963இல் தம் பெயரால் பந்தயக் குழுவொன்றை நிறுவினார். 1968இல், தம் குழு உருவாக்கிய வண்டியையே ஓட்டிப் பெல்ஜிய நாட்டுப் பந்தயத்தை வென்றார். வண்டியை ஓட்டுவோர் பலர், ஆக்குவோர் சிலர், இரண்டிலும் வல்லார் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராக அவரை ஆக்கியது தந்தையின் பட்டறையன்றோ?

இவ்வரலாற்றின் முடிவு துயரமானது. 1970ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், இங்கிலாந்தில் குட்வுட் என்னும் களத்தில் புதிய வண்டியொன்றைச் சோதித்துக் கொண்டிருந்தபோது, அதன் பின்புற மேற்கூடு கழன்றது. வண்டி நெறி பிறழ்ந்து மோதியதால் புரூஸ் உயிர் துறந்தார். அகவை முப்பத்திரண்டே. தந்தை அன்று கொண்ட அச்சம் வீண் அச்சமன்று என்பதை இது காட்டும்.

அங்ஙனமாயின், தந்தை இசைந்தது தவறோ? அன்று. அவர் அச்சமறியாது இசைந்தவரல்லர். அச்சத்தை முற்றும் அறிந்தே இசைந்தவர். உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பொருத்திய நாள்களில் மகனின் பொறுமையையும் கூர்மையையும் அவர் அருகிருந்து கண்டிருந்தார். மகனும் தந்தை எதற்கு அஞ்சினார் என்பதை அறிந்திருந்தான். உடனுழைத்தலால் வந்த இந்நம்பிக்கையே நாம் மேலே கூறிய மூன்றாம் பேறு. அது சொல்லாற் கொடுக்கப்படுவதன்று. நாள்தோறும் ஒரே வேலையில் நான்கு கைகள் சேர்ந்திருந்து ஈட்டுவது.

அந்தச் சிறிய ஆஸ்டின் வண்டி அழியவில்லை. இங்கிலாந்தின் வோக்கிங் நகரில், புரூஸ் தொடங்கிய நிறுவனத்தின் தலைமையகத்தில், பல கோடி மதிப்புள்ள பந்தய வண்டிகளின் வரிசையிலேயே அதற்கும் பிற்காலத்தில் இடமளிக்கப்பட்டது. விரைவில் அவை அதனை வெல்லும். ஆயினும், அவை யாவும் பிறந்தது அதனிடத்தேயாம்.