தஹிதிக்குப் போகும் பாப்பாவுக்கு

திருவண்ணாமலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா ஆசிகளுடன் எழுதுவது. பிரான்ஸில் நீ படிக்கிற பல்கலைக்கழகத்திலிருந்து உன்னை ஒரு செமஸ்டருக்குப் பசிபிக் கடலிலுள்ள தஹிதித் தீவுக்கு அனுப்புகிறார்கள் என்று உன் அப்பா சொன்னான். பிரெஞ்சு மொழியும் பாலினேசியப் பண்பாடும் சேர்ந்த படிப்பாம். அவனுக்குப் பெருமை பாதி, பயம் பாதி. எனக்குப் பயம் இல்லை. ஆனாலும் நீ விமானம் ஏறுவதற்குள் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் ஒரு வேலை செய். நம் ஊரைப் பற்றிப் பிரெஞ்சுக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் போ. 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் பிரெஞ்சு தூரக்கிழக்கு ஆய்வுப் பள்ளியும் அண்ணாமலையார் கோயிலைப் பற்றிப் பல தொகுதிகள் கொண்டுவந்திருக்கின்றன. மரி லூயிஸ் ரெனிஷ், பிரான்சுவாஸ் லெர்னோ, பியேர் பிஷார் போன்றவர்கள் உழைத்த நூல்கள். கல்வெட்டு, கட்டடம், பூஜை, திருவிழா, கோயிலோடு ஒட்டிய சாதிகளின் உரிமை, தெருக்கள் என்று ஒன்றையும் அவர்கள் விடவில்லை. புதுச்சேரியில் வேலை பார்த்த காலத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். நமக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாதது எத்தனையோ அதில் இருக்கிறது. ஆனால் பரணி தீபத்தன்று விடியற்காலைக் கூட்டத்தில் இடிபட்டு நின்ற உன் பாட்டி ஏன் அப்படி அழுதாள் என்பது எந்த வரைபடத்திலும் வராது. யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்கள் வீட்டுப் பிள்ளையாக அந்த நூல்களை ஒருமுறை படி. தஹிதியில் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கும்போது அந்த நினைப்பு உன்னிடம் இருக்க வேண்டும். அங்கே எழுதப்போகிறவள் நீ.

நம் ஊருக்கு வருகிற வெளியூர்க்காரர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள் நீ. கிரிவலப் பாதையில் உட்கார்ந்திருக்கும் சாமியாரின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டிவிட்டு, அடுத்த ஆட்டோவில் ஏறிப் போகிறவர்கள் உண்டு. ஹென்றி லெ சோ போன்றவர்களும் உண்டு. பிரெஞ்சுப் பாதிரியார் அவர். 1949-இல் ரமணரைப் பார்க்க வந்தார், தமிழ் கற்றார், அபிஷிக்தானந்தர் ஆனார், மலைக் குகைகளில் தங்கினார். அவருடைய சமயக் கருத்துகளை விடு. ஓர் இடத்தைத் தெரிந்துகொள்ள அங்கே உட்கார வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நீயும் உட்கார். முதல் மாதம் படம் எடுக்காதே.

பிரெஞ்சு உனக்கு நன்றாக வருகிறது. அங்கே அது அரசு அலுவலகத்தையும் வகுப்பறையையும் திறந்துவிடும், எல்லா வீட்டுக்குள்ளும் அழைத்துப் போகாது. அங்கே அது ஆள வந்தவர்களின் மொழி. 1842-இல் பாதுகாப்பு என்ற பெயரில் வந்த பிரான்ஸ், 1880-இல் தஹிதியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. தஹிதி மொழியையும் அங்கே நீ சேரும் பல்கலைக்கழகத்திலேயே கற்றுத் தருகிறார்கள்; முதல் வாரமே சேர்ந்துவிடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு புராட்டஸ்டண்ட் தேவாலயத்தில் பின்வரிசையில் போய் உட்கார். ஊரே பல குரலாகப் பிரிந்து தஹிதி மொழியில் பாடும். கடைக்கார அம்மா முதல் பார்வையிலேயே உன்னை ஒருமையில் கூப்பிடுவார். பாரிஸில் உறுத்துவது அங்கே உறவுமுறை.

அந்தத் தேவாலயத்துக்கும் ஒரு கதை உண்டு. 1797-இல் லண்டன் மிஷனரிகள் வந்து இறங்கினார்கள். அரசர் போமாரே அவர்கள் பக்கம் சாய்ந்த பிறகு, மராயே எனப்படும் கல் வழிபாட்டு முற்றங்கள் பல இடிக்கப்பட்டன. 1819 முதல் வந்த சட்டங்களைத் தொடர்ந்து பழைய ஆட்டமும் பாட்டும் தடைபட்டன. அதே மிஷனரிகள்தான் தஹிதி மொழிக்கு எழுத்து கொடுத்து, 1838-இல் முழு பைபிளையும் அச்சிட்டார்கள். இரண்டையும் சேர்த்தே புரிந்துகொள். நம் பக்கம் 1947-இல் வந்த சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுத்தது. அது வேண்டிய சட்டம். ஆனால் அதோடு கோயில் ஆட்டமும் நின்றது. சபா மேடையில் வேறு ஆட்களிடம் வேறு கோலத்தில் அது வாழ்கிறது. தஹிதியின் ஆட்டமும் இன்று மேடையில் இருக்கிறது: ஜூலையில் தலைநகர் பாப்பேத்தேயில் ஹெய்வா என்ற ஆட்டபாட்ட விழா நடக்கும். வகுப்பு ஆகஸ்டில்தான் என்றாலும் முன்கூட்டியே போய்ப் பார். ஆடுகிறவர்களிடம் யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேள். நம் மலையில் தீபம் ஏற்றும் உரிமை மீனவர் மரபில் வந்த பர்வதராஜகுலத்தாருடையது என்று தெரியாமல் தீபத்தைப் பார்த்தவன் பாதிதான் பார்த்தான். அங்கேயும் எது யாருடைய உரிமை என்பதை விசாரி. ரையாத்தேயா தீவில் தபுதபுஆத்தேயா மராயேக்குப் போனால், கல் மேடையில் ஏறாதே. ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்து வராதே.

கோகன் வரைந்த ஓவியங்களோடு அந்தத் தீவைக் கற்பனை செய்து வைத்திருப்பாய். அதைவிட 1991-இல் வந்த ஷந்தால் ஸ்பிட்ஸின் நாவலைப் படி. தஹிதிக்காரர் ஒருவர் எழுதிய முதல் நாவல் அது. பிரெஞ்சு நடுவே தஹிதி மொழியும் வரும். 1966 முதல் 1996 வரை மொருரோவா, ஃபங்கதவுஃபா என்ற பவளத் தீவுகளில் பிரான்ஸ் 193 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. 1974 வரை நடந்தவை வெட்டவெளியில். இது உன் பாடத்திட்டத்தில் இல்லாமல் போனாலும் உன் படிப்பில் இருக்கட்டும். ஆனால் சாப்பிட அழைத்த வீட்டில் முதல் நாளே புற்றுநோயைப் பற்றிக் கேட்டு வைக்காதே. அவர்களாகச் சொல்லும் நாள் வரும். பிரெஞ்சு பாலினேசியத் தீவுகள் எல்லாம் சேர்ந்தும் மூன்று லட்சம் பேர் இல்லை. நம் தீபக் கூட்டத்தில் ஒரு மூலைக்குக் காணாது. நீ யாரைக் கேட்டாலும் அவர் பாதிக்கப்பட்டவரின் உறவினராக இருக்கலாம்.

நவம்பர் 20 வாக்கில் சாயங்காலம் இருட்டியதும் கிழக்கே பார். கார்த்திகை மீன்கூட்டம் எழும். தஹிதிக்காரர்கள் அதை மாத்தாரியி என்பார்கள். இருட்டும் வேளையில் அது எழத் தொடங்கும் நாள் முதல் அவர்களுக்கு வளமான பருவம். மே மாதம் அது மறைந்தால் பஞ்ச காலம். அதே மீன்கூட்டத்தோடு பௌர்ணமி சேரும் நாளையொட்டித்தான் நாம் மலையில் தீபம் ஏற்றுகிறோம். இதை அவர்களிடம் சொல். எங்களிடமும் அந்த மீன்கூட்டம் இருக்கிறது என்று சொல்லக் கிடைத்த உண்மையான செய்தி இது.

நீ பார்ப்பதைத் தமிழிலும் எழுது, பாப்பா. ஆய்வேட்டைப் பிரெஞ்சில் எழுதிக்கொள். ஆனால் அந்த மக்களைப் பற்றித் தமிழில் படிக்க விரும்பும் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று தேடிப்பார். அலமாரியில் ஒரு தட்டுகூட நிறையாது. மாதம் நாலு பக்கம் எனக்கு அனுப்பு. பிழை திருத்தி வைக்கிறேன்.

அங்கே வம்சாவளி பெரிய விஷயம். நீ யார் வீட்டுப் பெண், உன் பாட்டனுக்குப் பாட்டன் எந்த ஊர் என்று கேட்பார்கள். தடுமாறாமல் சொல்ல நாலு தலைமுறைப் பெயர்களை எழுதி எடுத்துப் போ. உன் அப்பாவுக்கு முழுதும் தெரியாது. ஆரணி அத்தையைக் கேள், அவளிடம் பெண்வழிப் பெயர்களும் இருக்கின்றன. நமக்குக் காலை ஒன்பது மணி என்றால் உனக்கு முந்தைய நாள் மாலை ஐந்தரை. அந்த நேரத்தில் கூப்பிடு, பூஜை முடித்து உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
பெரியப்பா