முதலில் பள்ளிக் காலண்டர், அப்புறம்தான் ஆபீஸ் லீவு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 52 வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 260 வேலை நாள். நியூஜெர்சியில் பள்ளி நடந்தாக வேண்டியது 180 நாள். மிச்சம் 80 நாள் பிள்ளை வீட்டில். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள், ஆளுக்கு 15 நாள் லீவு, கம்பெனி விடுமுறை ஒரு 10 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே நாளில் லீவு எடுக்காமல் மாற்றி மாற்றிப் போட்டாலும் 40 நாள்தான் தேறும். இன்னொரு 40 நாள், அதாவது முழுதாக எட்டு வாரம், துண்டு விழுகிறது. ஊருக்குப் போய் வரும் வருடமென்றால் கேட்கவே வேண்டாம். அப்போது இரண்டு பேரும் சேர்ந்துதானே லீவு போட்டாக வேண்டும்.

அமெரிக்காவில் சம்பளத்தோடு விடுமுறை தந்தே ஆக வேண்டும் என்று ஃபெடரல் சட்டம் எதுவும் கிடையாது. எல்லாம் கம்பெனி வைத்ததுதான் சட்டம். ஆகவே இந்த எட்டு வாரப் பள்ளத்தை யாரும் வந்து நிரப்பித் தரப்போவதில்லை. நிரப்புவதற்கான ஒரே நல்ல கருவி உங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் வெளியிடும் ஒரு பக்கக் காலண்டர். பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்களில் போர்டு அதற்கு மாதக்கணக்கில் முன்னதாகவே ஒப்புதல் கொடுத்துவிடும். சில இடங்களில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரேயடியாக. இவ்வளவு முன்கூட்டி உங்கள் கம்பெனி எதையும் சொல்வதில்லை. ஆனாலும் பலர் ஆபீஸ் ஒப்புதலை வாங்கி, டிக்கெட்டும் எடுத்த பிறகுதான் பள்ளித் தேதியைப் பார்க்கிறார்கள்.

காலண்டரைக் கையில் எடுத்ததும் கண் தானாக கோடை விடுமுறைக்கும் டிசம்பருக்கும் போகும். அவற்றை விடுங்கள், அவை எங்கேயும் ஓடிப்போகாது. உங்களைக் கவிழ்ப்பது ஒற்றை ஒற்றையாகச் சிதறிக் கிடக்கும் நாள்கள்தான். அக்டோபரில் கொலம்பஸ் தினம், பிப்ரவரியில் பிரசிடென்ட்ஸ் டே: பல டிஸ்ட்ரிக்ட்களில் பள்ளி மூடியிருக்கும், பெரும்பாலான தனியார் ஆபீஸ்கள் திறந்திருக்கும். ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி, மாணவர்களுக்கு விடுமுறை என்று சில திங்கள், வெள்ளி. நியூஜெர்சியில் நவம்பர் தொடக்கத்தில் ஆசிரியர் சங்க மாநாட்டுக்காக வியாழன், வெள்ளி இரண்டு நாள். இவற்றோடு ஏர்லி ரிலீஸ் என்ற அரை நாள்கள்.

அரை நாள்தான் பொல்லாதது. காலண்டரில் அதற்கு ஒரு சின்ன முக்கோணமோ வெளிர் நிறமோதான் இருக்கும். காலையில் வழக்கம்போல் பஸ் வரும், நீங்களும் வழக்கம்போல் லாப்டாப்பைத் திறப்பீர்கள். பகல் பன்னிரண்டரைக்கு, கிளையன்ட்டுக்கு டெமோ காட்டிக்கொண்டிருக்கும்போது, தெருமுனையில் பஸ் வந்து நிற்கும். சிறு பிள்ளைகளைக் கூட்டிப் போக ஆள் இல்லையென்றால் டிரைவர் இறக்கிவிடாமல் திருப்பிப் பள்ளிக்கே கொண்டுபோய்விடும் டிஸ்ட்ரிக்ட்கள் உண்டு. எனவே, ஒற்றை நாள்களையும் அரை நாள்களையும் இன்றே உங்கள் ஆபீஸ் காலண்டரில் ஏற்றிவிடுங்கள். அரை நாளில் பகல் 12 முதல் 2 வரை மீட்டிங் விழாதபடி பிளாக் செய்யுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் நேராக அப்பாவா அம்மாவா என்று பெயரையும் எழுதுங்கள். பெயர் எழுதாத நாள் எப்போதும் அம்மா தலையில்தான் விழும். இதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

பனி விழும் மாநிலங்களில் இன்னொன்று. பள்ளி மூடிய நாள்களை ஈடுகட்ட, ஸ்ப்ரிங் பிரேக்கிலிருந்து நாளைப் பிடுங்குவார்கள் அல்லது ஜூனில் கடைசி நாளைத் தள்ளுவார்கள். எந்தெந்த நாளைப் பிடுங்குவார்கள் என்பது காலண்டரின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். கடைசிப் பள்ளி நாளுக்கு மறுநாளே விமானம் ஏறுவதுபோல் டிக்கெட் எடுக்கும் முன் அதைப் படியுங்கள்.

ஊருக்குப் போவது எப்போது?

இதற்கு விடை நீங்கள் இருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. டெக்சாஸில் ஃபிரிஸ்கோ போன்ற டிஸ்ட்ரிக்ட்டில் மே கடைசிக்குள் பள்ளி முடிந்து, ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் திறந்துவிடும். நியூஜெர்சியின் எடிசனில் ஜூன் மூன்றாம் வாரம்வரை பள்ளி உண்டு, திறப்பது செப்டம்பரில். நம் பஞ்சாங்கத்தை இதன் மேல் வைத்துப் பாருங்கள். வைகாசி முகூர்த்தங்களின் கடைசி இரண்டு வாரத்துக்கு ஃபிரிஸ்கோ குடும்பம் போய்ச் சேரலாம். எடிசன் குடும்பத்துக்கு வைகாசி கிடையாது. ஆடியில் கல்யாணம் இல்லை. ஆவணி பிறப்பது ஆகஸ்ட் 17 வாக்கில். அதற்குள் ஃபிரிஸ்கோவில் பள்ளி தொடங்கியிருக்கும், எடிசன் பிள்ளைக்கோ இன்னும் இரண்டு வாரம் கையில். ஆக, தங்கை கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்போது ஊரில் ஜோசியரைக் கேட்பார்கள், சத்திரத்தைக் கேட்பார்கள். உங்களையும் கேட்க வேண்டுமானால் டிஸ்ட்ரிக்ட் காலண்டரை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள். ஆனி மாதம் என்றால் இரு மாநிலத்தாரும் வந்துவிடலாம்.

டிசம்பர் பயணத்துக்கு முகூர்த்தம் கிடையாது, கச்சேரி உண்டு. மார்கழி சீசனும் விண்டர் பிரேக்கும் ஒன்றாக வருவது நமக்குக் கிடைத்த வரம். லீவுக் கணக்கிலும் ஒரு வசதி இருக்கிறது. பல கம்பெனிகளின் லீவு வருடம் ஜனவரி 1-இல் தொடங்குகிறது. டிசம்பர் 20-இல் கிளம்பி ஜனவரி 5-க்குத் திரும்பினால், பெரும்பாலான நாள் இந்த வருடக் கணக்கில், மிச்சம் அடுத்த வருடக் கணக்கில் போகும். நடுவில் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் கம்பெனி செலவு. வருடக் கடைசியில் மீதி லீவு காலாவதியாகும் கம்பெனி என்றால் இதைவிட நல்ல வழி இல்லை.

இதோடு ஒரு வாரம் பள்ளிக்கு மட்டம் போட்டால் டிக்கெட் மலிவு என்ற சபலம் வரும். ஓரளவுக்கு மேல் வேண்டாம். பள்ளி நாள்களில் 10 சதவீதம், அதாவது 180-க்கு 18 நாள் போய்விட்டால் தொடர்ந்து வராத மாணவர் என்ற கணக்கில் பிள்ளை சேரும். உடம்பு சரியில்லாத நாளும் அதில் அடக்கம். டெக்சாஸில் வகுப்பு நடந்த நாள்களில் 90 சதவீதமாவது வந்தால்தான் கிரெடிட் என்பது சட்டம். ஆறு மாதத்துக்குள் அனுமதியில்லாத 10 நாள் ஆனால் விஷயம் கோர்ட் வரை போகலாம். அங்கே பள்ளிக்கு மாநில நிதி வருவதே சராசரி வருகைக் கணக்கில்தான் என்பதால் பிரின்சிபாலிடம் அனுதாபம் எதிர்பார்க்காதீர்கள். தீபாவளி வேறு கதை. மதப் பண்டிகைக்கு எடுக்கும் நாளை டெக்சாஸ் சட்டம் ஏற்கிறது. முன்கூட்டி எழுதிக் கொடுத்து, விட்ட பாடத்தை முடித்தால் வந்த நாளாகவே எண்ணப்படும்.

மேனேஜரிடம் எப்படிக் கேட்பது

முந்திக் கேட்பவருக்கே டிசம்பர். டீமில் இந்தியர்கள் நாலு பேர் இருந்தால் நாலு பேருக்கும் அதே இரண்டு வாரம்தான் வேண்டும். ஆகஸ்டிலேயே கேளுங்கள். "யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்று இழுக்காமல், தேதியும் மாற்று ஏற்பாடும் ஒரே மெயிலில் இருக்கட்டும்: "டிசம்பர் 19 முதல் ஜனவரி 5 வரை இந்தியாவில் இருப்பேன். அந்த வாரத்து ஆன்-காலுக்குப் பதில் தேங்ஸ்கிவிங் வாரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். ரிலீஸ் வேலை டிசம்பர் 12-க்குள் முடியும். வெள்ளிக்குள் நீங்கள் சரி சொன்னால் டிக்கெட் எடுத்துவிடுவேன்." மேனேஜருக்கு இதில் மறுக்க என்ன இருக்கிறது?

உங்கள் தொழிலின் நெருக்கடி வாரங்களையும் அதே காலண்டரில் குறியுங்கள். வாஷிங்டன் பக்கம் அரசு கான்ட்ராக்டில் இருப்பவருக்கு நிதியாண்டு முடியும் செப்டம்பர் 30, நிதித்துறையில் இருப்பவருக்குக் காலாண்டு முடிவு. சென்னை டீமோடு வேலை செய்பவருக்குப் பொங்கல் வாரம்: அங்கே எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள், சப்போர்ட் டிக்கெட்டெல்லாம் உங்கள் வாசலில் குவியும்.

புது வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறதா? கோடைப் பயணம் ஏற்கெனவே முடிவாகியிருந்தால் கையெழுத்துப் போடும் முன் சொல்லி, எழுத்தில் வாங்குங்கள். சேர்ந்த மூன்றாம் மாதம் கேட்டால் அது சலுகை, முன்பே கேட்டால் அது நிபந்தனை. விசா ஸ்டாம்பிங் பாக்கி இருந்தால், தேதி தள்ளிப்போனால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசுங்கள். இந்தியாவிலிருந்து லாப்டாப்பில் வேலை பார்க்க எல்லாக் கம்பெனியும் விடுவதில்லை. கலிஃபோர்னியாவில், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால், பள்ளி விஷயங்களுக்காக வருடத்துக்கு 40 மணி நேரம் எடுக்கச் சட்டமே இடம் தருகிறது. சம்பளம் கிடைக்காமல் போகலாம், வேலை போகாது.

துண்டு விழுந்த அந்த எட்டு வாரத்துக்கு வருவோம். சம்மர் கேம்ப் முடிவு கோடையில் எடுப்பதல்ல. டிபென்டென்ட் கேர் எஃப்.எஸ்.ஏ. கணக்கில் வரி பிடிக்காமல் பணம் ஒதுக்குவது பெரும்பாலான ஆபீஸ்களில் இலையுதிர் காலத்து ஓபன் என்ரோல்மென்ட்டின்போது. வருட வரம்பு ஒரு குடும்பத்துக்கு 5,000 டாலராக இருந்து, 2026 முதல் 7,500 ஆகியிருக்கிறது. 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பகல் நேர கேம்புக்கு இது செல்லும், இரவு தங்கும் கேம்புக்குச் செல்லாது. துணைவருக்கு வருமானம் இருக்க வேண்டும், அல்லது அவர் முழுநேரம் படிக்க வேண்டும். எச்-4 விசாவில் சும்மா வீட்டில் இருந்தால் பயனில்லை. ஜனவரி, பிப்ரவரியில் நகராட்சி பூங்காத் துறையும் ஒய்.எம்.சி.ஏ.வும் பதிவைத் திறக்கும்போது தயாராக இருங்கள். விலை குறைவானது முதலில் நிரம்பும்.

தாத்தா பாட்டியை வரவழைப்பது நம்மவர்களின் பழைய வழி. நல்ல வழிதான், ஆனால் பேரனைக் கொஞ்ச வந்தவர்களைப் பத்து வார டே-கேர் ஆக்காதீர்கள். கார் ஓட்டத் தெரியாதவர்களை 40 டிகிரி டெக்சாஸ் வெயிலில் இரண்டு சிறுவர்களோடு வீட்டுக்குள் பூட்டிவைப்பது யாருக்கும் நல்லதல்ல. அரை நாள் கேம்ப், அரை நாள் பாட்டி என்று பிரியுங்கள்.

கடைசியாக, இந்தக் காலண்டர் வானத்திலிருந்து விழுவதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டு, கூட்டம் போட்டு ஓட்டெடுத்து முடிவு செய்கிறது. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபேக்ஸ் கவுன்டியில் தீபாவளி விடுமுறை வந்தது அப்படித்தான். நியூயார்க் நகரப் பள்ளிகளுக்கு 2023-இல் மாநிலச் சட்டமே வந்தது. வரைவுக் காலண்டர் வெளியாகும்போது பல டிஸ்ட்ரிக்ட்கள் பெற்றோருக்கு சர்வே அனுப்பும், நிரப்பி அனுப்புங்கள். போர்டு கூட்டத்தில் பேச சில நிமிடம் தருவார்கள். ஓட்டுப் போடத்தான் குடியுரிமை வேண்டும், பேசுவதற்கு இல்லை. அரை நாள்களை வெள்ளிக்கிழமைகளில் சேர்த்துப் போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வேலைக்குப் போகும் பெற்றோர் எல்லா மொழியிலும் கைதட்டுவார்கள்.