பள்ளி திறக்கும் முன் பல்லுக்கு ஒரு நாள்

முழுஆண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் மே மாத முதல் பாதிதான் பல் காட்ட ஏற்ற காலம். அச்சரப்பாக்கம் பக்கத்தில் பலரும் நோட்டு, யூனிஃபார்ம் எல்லாம் வாங்கி முடித்து, ஜூன் பிறக்கும் தறுவாயில்தான் கூட்டிப் போகிறார்கள். சொத்தை ஆழமாக இருந்து வேர் சிகிச்சை தேவைப்பட்டால் இரண்டு மூன்று தடவை போக வேண்டிவரும். பள்ளி திறந்துவிட்டால் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற பிள்ளைக்கு யார் லீவு போடப் போகிறார்கள்? காலாண்டு வரை தள்ளிப்போகும். அதற்குள் அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய பல், பிடுங்க வேண்டிய பல்லாகிவிடும்.

முதல் வேலையை வீட்டிலேயே செய்யலாம். செல்போன் டார்ச்சையும் கண்ணாடியையும் பிள்ளை கையில் கொடுத்து, தன் வாயைத் தானே பார்க்கச் சொல்லுங்கள். 13 வயதை ஒட்டி 28 நிரந்தரப் பற்கள் வந்திருக்கும். ஞானப்பல் 17-க்கு மேல்தான். கவனமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு: ஆறு வயதில் முளைத்த கடைவாய்ப்பல், பன்னிரண்டில் அதற்குப் பின்னால் முளைத்த கடைவாய்ப்பல். இவற்றின் மேற்பரப்பில் ஆழமான வரிப்பள்ளங்கள் உண்டு. முறுக்கும் பிஸ்கட்டும் அவற்றில் ஒட்டிக்கொண்டால் பிரஷ் முள் எட்டாது. பள்ளத்தில் கறுப்புக் கோடு, ஈறு ஓரத்தில் சுண்ணாம்பு நிறத் திட்டு, துப்பும்போது ரத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறு வயதுப் பல்லைப் பால்பல் என்று எண்ணி, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடும் வீடுகள் நிறைய. அது விழாது, போனால் போனதுதான்.

ஈறில் ரத்தம் வந்தால் அந்தப் பக்கம் துலக்காமல் விடுவது பிள்ளைகளின் வழக்கம். அதனால் அழுக்கு சேர்ந்து ஈறு இன்னும் வீங்கும். வளரும் வயதின் ஹார்மோன் மாற்றத்தால் கொஞ்சம் அழுக்குக்கே ஈறு சட்டென்று சிவந்துவிடும். மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தையும் சேர்த்து, இரண்டு வேளையும் இரண்டிரண்டு நிமிடம் துலக்கச் சொல்லுங்கள்.

பல்வலிக்கு மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டு, வலி நின்றதும் மறந்துவிடும் பழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. வலி நின்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துப்போயிருக்கலாம். பிறகு வேர் நுனியில் சீழ் கட்டி, சரியாகப் பரீட்சை நேரத்தில் முகம் வீங்கும். எப்போது வலித்தது, எந்தப் பக்கம், இனிப்புக்கா சில்லென்ற தண்ணீருக்கா, என்ன மாத்திரை போட்டது என்பதை ஒரு துண்டுச்சீட்டில் பிள்ளையே எழுதட்டும். ஆஸ்துமா, வலிப்பு, இதய வால்வுக் கோளாறு, மருந்து ஒவ்வாமை இருந்தால் அதே சீட்டில் மேலே முதலில் எழுதுங்கள். இதயக் கோளாறு உள்ள சிலருக்குப் பல் பிடுங்கும் முன்பே மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அரசுப் பள்ளியில் மருத்துவக் குழு பரிசோதித்துச் சீட்டு கொடுத்திருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? அச்சரப்பாக்கத்துக்கு இது வசதியான விஷயம். சென்னை போகும் தடத்தில் அடுத்த ஸ்டேஷனான மேல்மருவத்தூரிலேயே ஆதிபராசக்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுராந்தகம் தாண்டிப் போனால், ஜி.எஸ்.டி. சாலையிலேயே சின்னக் கொளம்பாக்கத்தில் கற்பக விநாயகா பல் மருத்துவக் கல்லூரி. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பல் பிரிவு உண்டு. கல்லூரி மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர்கள் பார்ப்பார்கள், பேராசிரியர்கள் மேற்பார்வை செய்வார்கள். செலவு பொதுவாகக் குறைவு, நேரம் கூடுதல். அதனால் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள்.

கிளம்பும்போது வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதீர்கள். ஊசி போட்டால் மயக்கம் வர அதுவே காரணமாகும். நான்கு இட்லி சாப்பிட்டு, பல் துலக்கிவிட்டுப் போகட்டும். "ஒழுங்கா துலக்கலன்னா ஊசி போட்டுப் பிடுங்கிடுவாங்க" என்று மிரட்டி வளர்த்த பிள்ளைக்கு நாற்காலியில் உட்காரும்போதே கை நடுங்கும். வலித்தால் இடது கையைத் தூக்கு, டாக்டர் நிறுத்துவார் என்று முன்பே சொல்லிவையுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

உள்ளே நடப்பதைக் கவனித்தால் ஒன்று தெரியும். "தம்பி, எந்தப் பக்கம் மென்னு சாப்பிடுற?" என்று டாக்டர் கேட்பார். பையன் வாயைத் திறக்கும் முன், "ரைட் சைடுதான் டாக்டர்" என்று அம்மா சொல்லிவிடுவார். பையன் தலையைக் குனிந்துகொள்வான், அப்புறம் எதுவும் பேசமாட்டான். 14 வயதுப் பிள்ளையின் வாய் அவனுடையது. பதிலும் அவனுடையதாக இருக்கட்டும். முடிந்தால் ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். கூல் லிப் போன்ற புகையிலையை உதட்டுக்கடியில் அடக்கும் பழக்கம் பள்ளி வாசல் வரை வந்துவிட்டது. உங்கள் எதிரில் அதை ஒப்புக்கொள்ளமாட்டான். டாக்டரிடம் தனியாகச் சொன்னால் வழி பிறக்கும். உதட்டை மடக்கிப் பார்த்தாலே அவருக்கு அடையாளம் தெரியும்.

கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிடுங்கள். கடைவாய்ப்பல் பள்ளங்களைச் சொத்தை வரும் முன்பே பசைபோல் பூசி மூடும் சீலன்ட் என்ற சிகிச்சை உண்டு, வலியே கிடையாது. தெத்துப்பல்லுக்குக் கிளிப் போடுவதானால் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடம், மாதா மாதம் போக வேண்டும். எந்த வகுப்பில் ஆரம்பிப்பது என்பதைப் பிள்ளையோடு பேசி முடிவெடுங்கள். மொத்தச் செலவை எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். உண்மையில் ஆட்டத்துக்குக் காரணம் பல்லில் படிந்து இறுகிய காரை. அது ஈறை அரித்து எலும்பைக் கரைக்கிறது. காரையை எடுத்தபின் இடுக்குகள் வெறிச்சென்று தெரிவதையும் இரண்டு நாள் கூச்சத்தையும் பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

ஊசி போட்டிருந்தால் மரப்பு இறங்கும்வரை, ஏறக்குறைய இரண்டு மூன்று மணி நேரம், சாப்பாடு வேண்டாம். தெரியாமல் உதட்டையும் கன்னத்தையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. திரும்பும் முன் அடுத்த தேதியைக் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் என்றால் நவம்பர், ஆனால் டிசம்பர் அரையாண்டு விடுமுறைக்குக் கேட்டால் பள்ளியும் கெடாது.