அடிபம்பும் நம் தொண்டும்
இறுதியாண்டு மாணவர், இயந்திரவியல் துறை

நண்பர்களே, தொண்டு மன்றம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மரக்கன்று, இரத்ததான முகாம், இலவச நோட்டு, கடைசியில் ஒரு குரூப் போட்டோ. இவற்றைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் லயன்ஸ் கிளப் ஆகட்டும், தெருமுனை நற்பணி மன்றம் ஆகட்டும், புதிதாக ஒன்றைத் திறந்து வைக்க வருகிற கூட்டம், இருப்பதைப் பழுது பார்க்க வருவதில்லை. ரிப்பேருக்கு ரிப்பன் வெட்ட முடியாதல்லவா! டிப்ளமோ படிக்கும் நாம் கை வைக்க வேண்டிய இடம் அதுதான். உதாரணத்துக்கு ஊர்ப் பொது அடிபம்பை எடுத்துக் கொள்வோம். 2019ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் பல வீடுகளுக்குக் குழாய் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் கரண்ட் போய் மேல்தொட்டி காலியான அன்று குடங்கள் எல்லாம் வரிசை கட்டி நிற்பது அடிபம்பு முன்னால்தான்.

கிராமங்களில் நாம் அதிகம் பார்ப்பது 'இந்தியா மார்க் 2' வகை. சோலாப்பூரில் புழங்கிய ஒரு பம்பை அடிப்படையாக வைத்து, யுனிசெஃப் துணையோடு 1970களில் உருவானது. அந்த வேலையில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. இதற்குக் காப்புரிமை கிடையாது, ஐ.எஸ். 9301 என்ற தர அளவுப்படிதான் செய்ய வேண்டும். ஆகவே தரமான உதிரி பாகம் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் பொருந்தும்.

இனி நம் வகுப்புக் கணக்கு. தண்ணீருக்குள் இருக்கும் சிலிண்டரின் உள் விட்டம் 63.5 மி.மீ. அதாவது பரப்பு சுமார் 31.7 சதுர செ.மீ. தண்ணீர் 30 மீட்டர் ஆழத்தில் என்றால் சதுர செ.மீ.க்கு 3 கிலோ அழுத்தம். ஆக பிஸ்டன் மேல் ஏறத்தாழ 95 கிலோ! கைப்பிடியின் நெம்புகோல் விகிதம் 8க்கு 1 என்பதால் அடிப்பவர் கைக்கு வருவது சுமார் 12 கிலோ. ராடுகளின் எடையைக் கனமான கைப்பிடியே பெருமளவு சமன் செய்துவிடும். ஸ்ட்ரோக் 125 மி.மீ. என்றால் ஒரு அடிக்கு 0.4 லிட்டர். பதினைந்து லிட்டர் குடம் நிறைய நாற்பது அடி போதும்.

பிஸ்டனில் உள்ள வாஷர் தேய்ந்தால் அதே குடத்துக்கு எண்பது அடி. பம்பு 'ஓடுது' என்றுதான் ரெக்கார்டில் இருக்கும். ஆனால் ஆறு குடம் பிடிக்கும் பாட்டியின் தோள்பட்டைக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

எனவே ஸ்பேனரை எடுக்கும் முன் தண்ணீர் பிடிப்பவர்களைக் கேட்க வேண்டும். "காலைல முதல்ல அடிக்கும்போது எத்தனாவது அடிக்குத் தண்ணி வருதுக்கா?"

"முப்பது அடி சும்மா அடிக்கணும் தம்பி, அப்புறம் நல்லா வரும்" என்று பதில் வந்தால், இரவில் பைப்பில் தண்ணீர் நிற்கவில்லை என்று அர்த்தம். அடி வால்வு அல்லது பைப் ஜாயிண்ட் ஒழுகுகிறது. முதல் அடிக்கே வந்து, ஆனால் கொஞ்சமாக வந்தால் வாஷர் மேல் சந்தேகப்படலாம். கைப்பிடி லேசாகிவிட்டது, தண்ணீரே இல்லை என்றால் செயினோ ராடோ விட்டிருக்கும். கிரீச் சத்தத்துக்கு கிரீஸும் பேரிங்கும். கோடையில் மட்டும் வற்றுகிறதென்றால் நிலத்தடி நீர் சிலிண்டருக்குக் கீழே இறங்கியிருக்கலாம். அதற்கு வாஷர் மாற்றி என்ன பயன்?

மேல் பகுதி வேலையை, அதாவது கிரீஸ், செயின், போல்ட் முடுக்குவதை, மாணவர்கள் நாமே செய்யலாம். வாஷர் மாற்றுவதுதான் பெரிய வேலை. மார்க் 2ல் பைப் முழுவதையும் வெளியே தூக்கியாக வேண்டும். 32 மி.மீ. ஜி.ஐ. பைப் 30 மீட்டருக்கு 90 கிலோவைத் தாண்டும், ராடு இன்னொரு 27 கிலோ, உள்ளே நிற்கும் தண்ணீர் தனி. கிளாம்ப் வழுக்கி பைப் போருக்குள் விழுந்தால், ஊருக்கு வந்துகொண்டிருந்த அரைகுறைத் தண்ணீரும் போச்சு! ஆகவே பஞ்சாயத்தில் சொல்லி, ஒன்றிய மெக்கானிக் அண்ணன் முன்னிலையில், முறையான டூல் செட்டோடு மட்டுமே இறங்க வேண்டும். முடித்தபின் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி, வாடை போகும் வரை அடித்து வெளியேற்றிய பிறகுதான் குடிக்க விடலாம்.

இந்தச் சிரமம் தெரிந்துதான் 1980களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதனைகள் நடத்தி மார்க் 3 கொண்டு வந்தார்கள். அதில் பைப் அகலமானது. பிஸ்டனை மட்டும் அதன் வழியாகவே மேலே எடுத்துவிடலாம். தோல் வாஷருக்குப் பதில் நீடித்து உழைக்கும் நைட்ரைல் ரப்பர் வாஷர் வந்ததும் அந்தக் காலத்தில்தான்.

இதெல்லாம் ஆம்பளைங்க வேலை என்பார்கள் சிலர். உத்தரப் பிரதேசத்தில் பாந்தா மாவட்டத்தில், 1990களில் மகிளா சமாக்யா திட்டத்தின் கீழ் எழுத்தறிவில்லாத கிராமத்துப் பெண்களே பம்பு மெக்கானிக் ஆனார்கள். தண்ணீர் நின்றால் முதலில் நடக்க வேண்டியவர் அவர்தானே, பழுதை விட்டுவைப்பாரா? நம் மன்றமும் ஊருக்கு இரண்டு பெண்களுக்காவது கிரீஸ் வைக்கவும் போல்ட் முடுக்கவும் கற்றுக் கொடுத்து, ஸ்பேனரை அவர்கள் வீட்டிலேயே விட்டு வர வேண்டும். நாம் பரீட்சைக்குப் போய்விடுவோம், அடுத்த வருஷம் வேலைக்கே போய்விடுவோம்.

ஒரு நாற்பது பக்க நோட்டும் அங்கேயே இருக்கட்டும். ரிப்பேருக்கு முன் குடத்துக்கு எத்தனை அடி, பின் எத்தனை அடி, மாற்றிய சாமான் என்ன, தேதி என்ன, மெக்கானிக்கின் போன் நம்பர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஜூனியர்கள் போய் எண்ணிப் பார்க்கட்டும். ஐம்பதைத் தாண்டினால் வாஷர் வாங்க வசூலை ஆரம்பித்துவிடலாம்.