கல்லூரி நூலகரும் மாணவர் வாசிப்பும்

கல்லூரியொன்றின் சிறப்பைப் பரீட்சைப் பெறுபேறுகளைக் கொண்டு அளத்தலே நம்மிடை வழக்கமாயுள்ளது. அக்கல்லூரி நூல்நிலையத்திலிருந்து ஓராண்டில் எத்தனை நூல்கள் மாணவர் வீடுகளுக்குச் சென்று மீண்டன என்று வினவுவார் அரியர். வினவினால், சில இடங்களில் விடையாகக் கிடைப்பது பூட்டிய அலுமாரியே.

பூட்டுதற்குக் காரணம் இல்லாமலில்லை. கணக்கெடுப்பின்போது ஒரு நூல் குறையினும் அதற்கு விடை கூறவேண்டியவர் நூலகர். எவரும் தொடாத நூலைப் பற்றியோ அவர் ஒரு வரியும் எழுதவேண்டியதில்லை. அன்றியும், நூலிழப்பு யாழ்ப்பாணத்தார் அறியாத துயரன்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. மீளப்பெறவியலாத ஏட்டுச்சுவடிகளும் அவற்றோடு சென்றன. அதனைக் கண்ட மக்கள் நூலைப் பூட்டிக் காக்க விழைதல் இயல்பே. ஆயினும் அரிய சுவடியைக் காத்தல் வேறு. பன்னிரண்டு வயது மாணவனுக்கென வாங்கிய கதைநூலைக் காத்தல் வேறு. கதைநூல் கைக்குக் கை மாறித் தேய்ந்து கிழியுமாயின், வாங்கிய பணம் வீண்போகவில்லை என்றே நாம் கொள்வோம்.

இத்துறையில் நினைக்கற்பாலர் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் (1892–1972). சென்னை மாநிலக் கல்லூரியிற் கணிதம் கற்பித்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஆளரவமற்ற அவ்வேலை முதலிற் கசந்தது. வகுப்பறைக்கே மீள விரும்பினார். இங்கிலாந்து சென்று, ஆங்குள்ள நூலகங்கள் மக்களுக்குத் தொண்டாற்றும் வகையைக் கண்ட பின்னரே அவர் மனம் மாறிற்று. 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது, நூல் பயன்பாட்டுக்கே உரியது என்னும் கருத்தினது. வாசகன் ஒவ்வொருவனுக்கும் ஏற்ற நூலையும், நூல் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வாசகனையும் தேடிச் சேர்த்துவைத்தல் அடுத்த இரண்டின் கருத்து. கலியாணம் பேசுவோர் செய்யும் தொழிலும் ஏறக்குறைய இதுவே! நூலகப் பாடவேளையைத் தம் பாடத்துக்கு இரவல் கேட்கும் கணித ஆசிரியர்கள், இவரும் ஒரு கணித ஆசிரியரே என்பதை மறவாதிருப்பாராக.

“நல்ல புத்தகம் ஒன்று தாருங்கள், சேர்” என்று வந்து நிற்கும் சிறுவனுக்கு, நல்லதென்று பெரியோர் கருதும் நூலை எடுத்து நீட்டுதல் எளிது. அவன் அதனை இரண்டு வாரம் மேசைமீது வைத்திருந்து திருப்பித் தருவான், மறுமுறை வரமாட்டான். பழுத்த நூலகர் முதலில் நூலைப்பற்றிப் பேசார். பாடசாலை விட்டபின் என்ன செய்வாய் என்று கேட்பார். கிரிக்கெட் என்பானாயின், தூயி பகுப்புமுறையில் விளையாட்டுக்குரிய 796ஆம் எண்ணுள்ள தட்டைக் காட்டி, நீயே போய்ப் பார் என்பார். அதனை நாடி நடப்பவன் வானியலுக்குரிய 520ஐயும் விலங்கியலுக்குரிய 590ஐயும் கடந்தே செல்லவேண்டும். வழியில் யானையோ வால்வெள்ளியோ அவனை நிறுத்திவிடுதலும் உண்டு. பூட்டிய அலுமாரியும் பெயர்ப்பட்டியலும் இவ்வுதவியைச் செய்யமாட்டா.

வாய்விட்டு வாசித்துக் காட்டுதல் மற்றொரு வழி. எமது கருத்தில் இதுவே தலையாயது. கல்கியின் பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களாலானது. அதன் பருமனைக் கண்டே அஞ்சும் மாணவர் உளர். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரைமீது வரும் தொடக்கத்தை நூலகர் பத்து நிமிடம் வாசித்து, மணியடிக்கு முன்னரே நூலை மூடி மேசைமேல் வைத்துவிடுவாராயின், மாலைக்குள் அதனைக் கேட்டு மூவராவது வருவர். நிறுத்துமிடம் அறிதலே இதில் திறமை. முழுக் கதையையும் சொல்லி முடித்தவரிடம் நூலைக் கேட்க எவனும் வாரான்.

நூலின் கடினத்தைப் படிப்படியாக உயர்த்துதலும் வேண்டும். வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், பாலபாடங்களைப் படிமுறையாக வகுத்தமை இதனை உணர்ந்தேயாம். சித்திரக்கதையோடு நிற்பவனை ஏளனஞ் செய்தல் தகாது. அவனும் ஒரு படியில் நிற்பவனே. வாசித்த நூலுக்கெல்லாம் சுருக்கம் எழுதி வரும்படி கட்டளையிடுதலையும் நாம் விரும்பவில்லை. அதனால் மாணவர் மெல்லிய நூல்களையே தேடக் கற்றுக்கொள்வர்.

ஒக்டோபரில் வாசிப்பு மாதம் கொண்டாடப்படுகின்றது. பேச்சும் கட்டுரையும் பரிசும் நடைபெறுகின்றன, நன்றே. நவம்பரில் அலுமாரி திறந்திருக்கின்றதா என்பதே எமது கேள்வி. நூலகர் ஒருவரால் நாள்முழுதும் திறந்துவைத்தல் அரிதாயின், உயர்தர வகுப்பு மாணவர் இருவர் மூவரை உடன்சேர்த்து, முத்திரையிடவும் உறையிடவும் இரவற் பதிவு எழுதவும் பழக்கலாம். அவ்வேலைக்கு வந்தோர் உறையிடும் நூலை இடையிடையே புரட்டாதிருத்தல் அருமை. தொலையும் நூல்களில் ஒரு சிறு பங்கை இயல்பான தேய்மானமாகக் கொள்ள அதிபர் இணங்குவாராயின் நூலகரின் அச்சமும் குறையும்.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். வீடு துப்புரவு செய்யும்பொழுது கழிந்த பாடத்திட்டத்துப் பாடநூல்களைக் கட்டி அனுப்புதல் கொடையாகாது. அவற்றைப் பதிந்து அடுக்குதலே நூலகருக்குப் பெருஞ்சுமை. அனுப்புமுன் எது தேவை என்று அவரிடமே கேட்டல் நன்று. பெரும்பாலும் அவர் கேட்பது, தொடர்நூல்களில் தொலைந்துபோன முதலாம் பாகமாகவே இருக்கும்.